தாயம் அதிர்ஷ்டமா, பல்லாங்குழி கணக்கா? நூலக மூலைக்கு எந்த ஆட்டங்கள்?

#1 நூலக_மூலை

ஊர் நூலகத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் விளையாட்டு மூலை திறக்கப் போகிறோம். நான்கு மேசை, ஒரு ஜமுக்காளம். 7 வயதுப் பிள்ளைகளிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் வரை வருவார்கள். கைப்பேசி ஆட்டம் கிடையாது.

குழுவில் ஒருவர் முட்டுக்கட்டை போடுகிறார். "தாயம், பல்லாங்குழி, சீட்டு எல்லாம் ஒரே ரகம். கட்டை விழுந்தபடி ஆட்டம். நூலகத்தில் சூதாட்டம் எதற்கு?" என்கிறார். அவருக்குப் பதில் வேண்டும். அதோடு, எந்த ஆட்டம் எந்த வகை, யாருக்கு எது பொருந்தும், சுவரில் எழுதி ஒட்ட எந்த விதியை எடுத்துக்கொள்வது, பிள்ளைகள் பாதி ஆட்டத்தில் எழுந்து போவது எதனால் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

#2 எண்கட்டை

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உன் முறை வரும்போது உன் முன்னால் எத்தனை வழி இருக்கிறது?

பரமபதத்தில் ஒன்றுதான். விழுந்த எண்ணுக்கு நகர்த்த வேண்டும், பாம்பு என்றால் இறங்க வேண்டும். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்று இரண்டு மூன்று வழி. பல்லாங்குழியில் ஏழு வரை. ஆடு புலி ஆட்டத்தில் முதல் ஆட்டை வைக்கவே 20 இடம் உண்டு (23 புள்ளியில் மூன்றைப் புலிகள் பிடித்திருக்கும்). இவற்றை எப்படி ஒரே ரகம் என்பது?

பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கைவா 1958இல் ஆட்டங்களை நான்காகப் பிரித்தார். எதிராளியை வெல்வது, தற்செயலுக்கு ஒப்புக்கொடுப்பது, வேடம் கட்டுவது, கிறுகிறுப்பில் சுகம் காண்பது. நம் ஊர் உதாரணம் போட்டால்: ஆடு புலியும் சடுகுடுவும் முதல் வகை. பரமபதம் இரண்டாவது. மண்சோறு ஆக்கி அம்மா அப்பா விளையாடுவது மூன்றாவது. தட்டாமாலை சுற்றித் தரையில் விழுவது நான்காவது. பெரும்பாலான ஆட்டங்கள் இரண்டு வகையின் கலப்பு. தாயத்தில் தற்செயல் பாதி, எதிராளி பாதி.

உங்கள் குழுக்காரர் நான்கில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்.

---

#3 மாடித்திண்ணை

> பரமபதத்தில் ஒன்றுதான்.

அப்படியென்றால் அதை ஏன் இத்தனை தலைமுறையாக ஆடுகிறார்கள் சார்? வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வேண்டும், மூளை ஓடாத நேரம், வீட்டில் எல்லா வயதும் உட்கார்ந்திருக்கும். அங்கே செஸ் போர்டை விரித்தால் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எந்தத் தீர்மானமும் கேட்காத ஆட்டம்தான் அந்த இரவுக்குத் தோது. ஏழு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் சரிசமமாக மோதக்கூடிய பலகை வேறெது? அதிர்ஷ்ட ஆட்டம் மட்டம் என்ற எண்ணத்தோடு வகை பிரிக்காதீர்கள்.

---

#4 எண்கட்டை

ஒப்புக்கொள்கிறேன். மட்டம் என்று நான் சொல்லவில்லை, வேறு என்றேன். நூலக மூலையில் பரமபதம் ஒன்று இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் முதலில் உட்காருவது அங்கேதான்.

---

#5 குழிமணி

பல்லாங்குழியைச் சூது என்றவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அதில் கட்டையே கிடையாது. உருட்டுவது, வீசுவது எதுவும் இல்லை. எல்லாக் காயும் கண் முன்னால் கிடக்கும். சதுரங்கத்தைப் போல முழுக்கத் திறந்த ஆட்டம். எதிராளி வேகமாகப் போட்டுக்கொண்டே போவதால் அதிர்ஷ்டம் மாதிரித் தெரிகிறது, அவ்வளவே.

சுவரில் ஒட்ட, பரவலாக ஆடும் விதி இது:

பலகையில் ஒரு பக்கம் 7, மறுபக்கம் 7, மொத்தம் 14 குழி. குழிக்கு 5 காய் என்றால் 70 காய் வேண்டும். உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை முழுக்க அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். மூலை வந்தால் எதிராளியின் பக்கம் திரும்பி அப்படியே தொடர வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அந்த அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வரவு, ஆட்டம் எதிராளிக்கு. அடுத்த இரண்டும் காலி என்றால் வரவு இல்லை, ஆட்டம் மட்டும் கைமாறும்.

பசு: போடும்போது எந்தக் குழியிலாவது 4 சேர்ந்தால் அந்தக் குழிக்கு உரியவர் உடனே அந்த நான்கையும் எடுத்துக்கொள்ளலாம், யார் போட்டாலும் சரி. இதைக் கவனிக்காமல் அடுத்த காய் விழுந்துவிட்டால் பசு போச்சு. பிள்ளைகளைக் கண்கொத்திப் பாம்பாக உட்கார வைக்கும் விதி இதுதான், எடுத்துவிடாதீர்கள்.

ஒருவர் பக்கத்தில் ஏழு குழியும் காலியாகி, அவர் முறையும் வந்துவிட்டால் சுற்று முடிந்தது. மிச்சக் காய் அது கிடக்கும் பக்கத்தவருக்கு. அடுத்த சுற்றில் ஜெயித்த காயைக் கொண்டு அவரவர் குழியை நிரப்ப வேண்டும். 28 காய் வைத்திருப்பவர் ஐந்து குழி நிரப்பி 3 காயைக் கையில் வைத்துக்கொள்வார். நிரம்பாத இரண்டு குழியிலும் குச்சி போட்டு மூடிவிடுவார்கள், அதில் யாரும் காய் போடக் கூடாது. ஒரு குழிகூட நிரப்ப முடியாதவர் தோற்றார்.

---

#6 வெட்டுக்காய்

எங்கள் பக்கம் குழிக்கு 6. சில ஊரில் 12 போடுவார்கள். எது சரி? 6 போட்டால் ஆட்டம் சீக்கிரம் முடிகிறது என்று ஒரு பேச்சு உண்டு.

---

#7 எண்கட்டை

கை வைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். குழிகளுக்கு எண் கொடுங்கள்: உங்கள் பக்கம் இடமிருந்து வலமாக 1 முதல் 7, அங்கிருந்து திரும்பி எதிராளி பக்கம் 8 முதல் 14. முதல் ஆட்டம், குழி 1இலிருந்து.

5 காய்: குழி 1ஐ அள்ளினால் 2 முதல் 6 வரை போகும். அடுத்து 7ஐ அள்ளி 8 முதல் 12 வரை. அடுத்து 13ஐ அள்ளி 14, 1, 2, 3, 4. அடுத்து 5இல் 6 காய், அது 6 முதல் 11 வரை. அடுத்து 12இல் 6 காய், அது 13, 14, 1, 2, 3, 4. அடுத்த குழி 5 காலி. துடைத்து 6ஐ எடுத்தால் 7 காய்.

6 காய்: 1ஐ அள்ளினால் 2 முதல் 7 வரை. 8ஐ அள்ளினால் 9 முதல் 14 வரை. அடுத்தது 1, காலி. துடைத்து 2ஐ எடுத்தால் 7 காய். இரண்டே அள்ளலில் முடிந்தது.

12 காய்: 1ஐ அள்ளினால் 2 முதல் 13 வரை. 14ஐ அள்ளினால் 1 முதல் 12 வரை. 13இல் இப்போது 13 காய், அது 14இல் தொடங்கி 12 வரை ஒரு சுற்று. அடுத்தது 13, காலி. துடைத்து 14ஐ எடுத்தால் ஒரே ஒரு காய்! 168 காயைப் பரப்பி வைத்து முதல் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது 1.

இதில் முக்கியமானது வேறு. எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கை இருந்தால், பலகை ஒரு வட்டம். எந்தக் குழியில் தொடங்கினாலும் இதே கதை இடம் மாறி நடக்கும். அதாவது 5 போட்டால் ஏழு தொடக்கத்துக்கும் வரவு 7தான். முதல் ஆட்டத்தில் யோசிப்பதுபோல் பாவனை செய்பவரை நம்பாதீர்கள். அவர் தேர்வதெல்லாம், துடைத்த பிறகு எந்தப் பக்கம் எப்படிக் கிடக்கிறது என்பதை மட்டுமே.

---

#8 குழிமணி

அதனால்தான் நடுக்குழியைக் காசி என்று தனியாக வைத்து ஆடும் வழக்கத்தை நான் விடமாட்டேன். இரு பக்கத்து நடுக்குழியிலும் (எண் 4, 11) 2 காய், மற்றதில் 5 காய். மொத்தம் 64. கடைசிக் காயில் பசு சேர்ந்தாலும் எடுத்துவிட்டுத் தொடரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போட்டுப் பாருங்கள்:

குழி 1, 2, 3 எதில் தொடங்கினாலும் உங்களுக்கு 4ஆம் குழியில் ஒரு பசு, முடிவில் 7, ஆக 11. ஆனால் வழியில் 11ஆம் குழியில் எதிராளிக்கு ஒரு பசு போய்விடும், 4.

குழி 4இல் தொடங்கினால் உங்களுக்கு 7, எதிராளிக்கு 4.

குழி 7இல் தொடங்கிப் பாருங்கள். பத்து முறை அள்ளி ஓடும். 4இல் ஒரு பசு, 7இல் ஒரு பசு, கடைசியில் துடைத்து 2. உங்களுக்கு 10, எதிராளிக்கு ஒன்றுமில்லை.

வரவு 11 பெரிதா 10 பெரிதா என்று கேட்டால் புதிதாக ஆடுபவர் 11 என்பார். வித்தியாசத்தைப் பார்த்தால் 7க்கு எதிராக 10. இரண்டு குழியில் மும்மூன்று காய் குறைத்ததும் முதல் ஆட்டத்திலேயே யோசிக்க வேலை வந்துவிட்டது.

---

#9 வெட்டுக்காய்

புளியங்கொட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 7இல் தொடங்கினால் 10 வருகிறது. 5, 6 தொடக்கங்களை யாராவது போடுங்கள்.

---

#10 குழிமணி

அதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நூலக மூலைக்கு முதல் வாரப் புதிர் அது. விடையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது: வரவையும் பலகையில் மிச்சத்தையும் கூட்டினால் 64 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு குழியைத் தாண்டிப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் மூலை திரும்பும் இடத்தில்தான், 7இலிருந்து 8க்குப் போகையில், ஒரு குழி விட்டுப்போகும்.

---

#11 நூலக_மூலை

அருமை. தாயத்துக்கு வருவோம். எதிர்ப்பே அதற்குத்தான்.

---

#12 எண்கட்டை

பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமை என்றால் 12. ஒன்றும் வெறுமையும் தாயம்.

தாயம்: 16இல் 2
இரண்டு: 3
மூன்று: 4
நான்கு: 3
ஐந்து: 2
ஆறு: 1
பன்னிரண்டு: 1

தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். அது 16இல் 6. ஆக ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல், ஒரு உருட்டலுக்கு 3.75 கட்டம். பெருக்கினால் முறைக்கு 6 கட்டம், மிச்சமில்லாமல்.

இதை வைத்து எப்படி ஆடுவது? எதிராளியின் காய் உங்களுக்குப் பின்னால் 3 கட்டத்தில் நின்றால் நேராக வெட்டு விழும் வாய்ப்பு 25 சதவீதம். 2 அல்லது 4 என்றால் 18.75. தாயத் தூரம், 5 கட்டத் தூரம் 12.5. 6 தள்ளி நின்றால் 6.25தான், மறு உருட்டலில் கூட்டி வருவது கொஞ்சம் சேரும். எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்கும்போது "முன்னால் எத்தனை கட்டம் போவேன்" என்பதைவிட "யாருக்கு முன்னால் மூன்றாம் கட்டத்தில் நிற்கிறேன்" என்பதைப் பார்ப்பவர் ஜெயிப்பார். ஒரு ஆட்டத்தில் கட்டை பழிவாங்கலாம். இருபது ஆட்டம் வைத்துப் பாருங்கள், பெயர் மாறாது.

---

#13 யாழ்_சோகி

எங்கட பக்கம் பித்தளைக் கட்டை குறைவு, ஆறு சோகி (சோழி) போட்டுத்தான் தாயம் விளையாடுறது. வாய் மேலே பார்த்து எத்தனை கிடக்குதோ அத்தனை. ஒன்றும் இல்லாட்டில் 12. எண்கட்டை சொன்ன கணக்கு இதுக்குப் பொருந்தாது என்பதை விளங்கிக்கொள்ளுங்கோ.

சோகி வாய் மேலே விழுறதும் கீழே விழுறதும் சரி பாதி என்று வைத்தால், தாயம் விழும் வாய்ப்பு 64இல் 6, அதாவது 9.4 சதவீதம். பித்தளையில் 12.5. மறுமுறை கிடைக்கிறது 64இல் 14 மட்டும், பித்தளையில் எட்டில் மூன்று. அதனால் சோகித் தாயம் மெதுவாப் போகும்.

ஆனால் சோகி சரி பாதி விழாது. ஒரு பக்கம் கூன், மறுபக்கம் தட்டை. வாய் மேலே வருவது 40 சதவீதம் என்றால் தாயம் 18.7 சதவீதம் ஆகிடும். 60 என்றால் 3.7 மட்டும்! ஒரே விதி, ஒரே பலகை, சோகி மாறினால் வேறு விளையாட்டு. நூலகத்துக்கு வாங்க முதல் ஒவ்வொரு சோகியையும் நூறு தரம் போட்டு எண்ணிப் பார்க்க வேணும். பெரிசும் சிறிசும் கலந்த செற்றை எடுக்காதையுங்கோ.

---

#14 எண்கட்டை

அண்ணா சொன்னது பித்தளைக்கும் பொருந்தும். அரம் போட்டதில் ஒரு பக்கம் தேய்ந்து, குறுக்குவெட்டு சதுரமாக இல்லாத கட்டை கடைகளில் நிறைய. ஒரு கட்டையை 100 தரம் உருட்டினால் ஒவ்வொரு முகமும் 25 வர வேண்டும். 17 முதல் 33 வரை வந்தால் கவலை வேண்டாம், அது இயல்பான ஏற்ற இறக்கம். ஏதாவது முகம் 40 தாண்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். உருட்டுவதும் கையிரண்டிலும் தேய்த்துவிட்டு ஜமுக்காளத்தில் அல்ல, வெறும் தரையில் அல்லது பலகையில். துணியில் கட்டை புரளாமல் சறுக்கும், வைத்த முகமே திரும்ப விழும். கைதேர்ந்தவர்கள் இதை வைத்துத்தான் "கேட்ட எண்" போடுகிறார்கள்.

---

#15 மாடித்திண்ணை

பிள்ளைகள் பாதியில் எழுந்து போவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

#16 எண்கட்டை

தாயத்தில் அதற்குக் காரணம் நுழைவு விதி. தாயம் விழாமல் காய் இறக்க முடியாது. மறு உருட்டல்களையும் சேர்த்தால் ஒரு முறையில் தாயம் கிடைக்கும் வாய்ப்பு சரியாக ஆறில் ஒன்று. (லூடோவில் ஆறு விழுவதும் ஆறில் ஒன்றுதான். பகடை வேறு, காத்திருப்பு அதே.) ஆறு முறை சுற்றி வந்த பிறகும் மூன்றில் ஒரு பிள்ளை பலகைக்கு வெளியேதான் நிற்கும். நான்கு பேர் ஆட்டத்தில் ஆறு முறை என்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஏழு வயது எழுந்து போகாமல் என்ன செய்யும்?

5x5 பலகையில் இன்னொரு கணக்கு. வெளிச்சுற்று 16 கட்டம், உள்சுற்று 8, நடுவில் பழம். தொடங்கும் கட்டத்திலிருந்து பழம் வரை 24 நகர்வு. முறைக்கு 6 என்றால் ஒரு காய்க்கு 4 முறை, நான்கு காய்க்கு 16 முறை. ஆனால் நான்கு காயையும் இறக்க நான்கு தாயம் வேண்டும், முறைக்குச் சராசரி 0.2 தாயம், அதாவது 20 முறை. ஓடுவதைவிடக் காத்திருப்பது அதிகம்! வெட்டுப்பட்டுத் திரும்பும் காய் இதற்கு மேல்.

மருந்து எளிது. ஒவ்வொருவருக்கும் முதல் காயைப் பலகையில் வைத்தே தொடங்குங்கள். மற்றவற்றுக்குத் தாயம் அல்லது 5 விழுந்தால் இறக்கலாம் என்று வையுங்கள். 20 முறை ஏழரை ஆகிவிடும். "ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குப் போகலாம்" என்ற விதியைப் பெரியவர்கள் மேசைக்கு மட்டும் வையுங்கள். இந்த ஒரு விதி ஆட்டத்தை இரண்டு மணி நேரம் இழுக்கும்.

---

#17 வெட்டுக்காய்

வெட்டு விதியை எடுத்தால் தாயத்தில் என்ன இருக்கிறது? ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) பதுங்கிக்கொண்டே போய்ப் பழம் எடுத்துவிடுவான்.

---

#18 எண்கட்டை

வெட்டை எடுக்கச் சொல்லவில்லை, கட்டாய வெட்டைத்தான். உங்கள் கவலை நியாயம். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் குறுக்குக் கோடு போட்ட மலைக் கட்டங்களில் ஒருவர் இரண்டு காய்க்கு மேல் நிறுத்தக் கூடாது என்று வையுங்கள், பதுங்கல் குறையும்.

---

#19 குழிமணி

பல்லாங்குழியில் எழுந்து போவதற்குக் காரணம் வேறு. முதல் சுற்றில் தோற்றவருக்கு அடுத்த சுற்றில் குழி குறைவு. குழி குறைந்தால் தொடங்க வழியும் குறைவு, பசு சேரும் இடமும் குறைவு. இருப்பவனிடமே மேலும் சேரும். மூன்றாம் சுற்றில் முடிவு தெரிந்துவிடும், ஆனால் ஆட்டம் ஏழு எட்டுச் சுற்று இழுக்கும். நூலகத்தில் குச்சி போட்டு மூடும் வழக்கத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் புதிதாக நிரப்பி, மொத்த வரவைக் கூட்டி வெற்றி என்று வையுங்கள்.

1970களில் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் எழுதியது இதோடு ஒத்துப்போகிறது: சவால் திறமைக்கு மேலே போனால் பதற்றம், கீழே போனால் சலிப்பு, இரண்டுக்கும் நடுவில் ஆள் நேரம் போவதே தெரியாமல் மூழ்குவார். தோற்பது உறுதியான பிள்ளைக்குச் சவாலும் இல்லை, திறமைக்கு வேலையும் இல்லை.

---

#20 மூன்றுபுலி

ஆடு புலியைப் பற்றி யாரும் எழுதாதது அநியாயம். அதிர்ஷ்டத்துக்குத் துளி இடமில்லாத ஆட்டம், அதிலும் இரு தரப்புக்கும் வேறு வேறு படை. சதுரங்கத்தில்கூட இரு பக்கமும் ஒரே காய்கள்தான்.

பலகை வரைய: உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடு விரிந்து அடிக்கோட்டில் முடியும். நடுவில் மூன்று கிடைக்கோடு. அவை நான்கு கோட்டையும் தாண்டி இருபுறமும் நீண்டு, ஓரத்தில் இரண்டு நிலைக்கோட்டால் இணையும். கிடைக்கோட்டுக்கு 6 புள்ளி வீதம் 18, அடியில் 4, உச்சியில் 1, மொத்தம் 23. எண்ணிப் பார்த்து 23 வராவிட்டால் கோடு தப்பு. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் போட்டாலே போதும், பலகை வாங்க வேண்டியதில்லை.

புலி 3, ஆடு 15. வழக்கமாக ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் முதல் கிடைக்கோட்டின் நடுப்புள்ளிகளில். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக வைப்பார், வைக்க வைக்கப் புலி நகரும். 15 ஆடும் இறங்கிய பிறகே ஆடு நகரலாம். புலி நேர்க்கோட்டில் ஒரு ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டு. மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

ஆட்டுக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கோடு முடியும் புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியாது, தாண்டி இறங்க இடமில்லை. அப்படிப்பட்ட இடம் ஆறு: செவ்வகத்தின் நான்கு மூலை, அடிக்கோட்டின் இரு நுனி. (உச்சியும் அப்படித்தான், ஆனால் அங்கே புலி உட்கார்ந்திருக்கும்.) முதல் ஆறு ஆட்டை அங்கே வையுங்கள். அதன்பின் வைக்கும் ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்புறம் இன்னொரு ஆடோ பலகை ஓரமோ இருக்க வேண்டும். புதிதாக ஆடுபவர் நேராகப் புலியின் முகத்தில் கொண்டுபோய் வைப்பார், அடுத்த நகர்விலேயே போய்விடும்.

புலிக்காரருக்கு: 18 காயும் இறங்கினால் காலி 5 புள்ளி. ஒரு ஆடு வெட்டுப்பட்டால் 6. ஒவ்வொரு வெட்டும் உணவு மட்டுமல்ல, மூச்சுவிடும் இடமும். இரண்டு ஆடு ஒரே நேரத்தில் ஆபத்தில் வரும்படி நின்றால் ஆட்டுக்காரர் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். மூன்று புலியையும் ஒரே மூலையில் வைத்துக்கொள்வதுதான் தோற்கும் வழி.

விதியில் இரண்டைச் சேர்க்காவிட்டால் சண்டை வரும். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்று முன்பே பேசுங்கள், 5 போதும். ஒரே நகர்வை முன்னும் பின்னுமாக மூன்று முறை செய்தால் சமன். இது இல்லாவிட்டால் ஆட்டம் முடியவே முடியாது.

---

#21 மாடித்திண்ணை

நேபாளத்தில் இதன் பங்காளி உண்டு, பாக் சால் என்று. 5x5 புள்ளி, நான்கு மூலையில் நான்கு புலி, 20 ஆடு, ஐந்து ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. இரு தரப்பும் தப்பில்லாமல் ஆடினால் சமனில்தான் முடியும் என்று கணினி வைத்துத் தீர்த்திருக்கிறார்கள்.

---

#22 கட்டப்பஞ்சாயத்து

சூதாட்டம் என்ற குற்றச்சாட்டுக்குச் சட்டப் பக்கம் நின்று பதில்.

1967இல் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரம்மி முழுக்கத் தற்செயல் அல்ல. விழுந்த சீட்டை நினைவில் வைப்பது, எதை வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்பதெல்லாம் திறன். மூன்று சீட்டு ஆட்டம் அப்படியல்ல. 1996இல் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கிலும் திறன் ஆட்டம் என்றே தீர்ப்பு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. 2025இல் மத்திய அரசின் சட்டம் வந்தது. அது திறனா தற்செயலா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதையே தடுக்கிறது.

உங்களுக்கு இதில் வேண்டியது: நூலகத்தில் பணயம் கிடையாது. மிட்டாய்கூட வைக்க வேண்டாம். சுவரில் "பந்தயம் கட்டி ஆடக் கூடாது" என்று ஒரு வரி எழுதுங்கள். குழுக்காரர் வாயடைத்துவிடுவார்.

---

#23 வெட்டுக்காய்

கேரம் ஏன் பட்டியலில் இல்லை? மூளை, அதிர்ஷ்டம் தவிர மூன்றாவதாகக் கை என்று ஒன்று இருக்கிறது. அடிக்கத் தெரிந்தவன் யோசிக்காமலே ஜெயிப்பான். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. சிவப்பைப் போட்டால் ஃபாலோ (உடனே அடுத்து தன் காய் ஒன்று) போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப நடுவில். பலகை ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சின்னப் பலகை வாங்கினால் பெரியவர்கள் உட்கார மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: சத்தம். நூலகத்தில் வைப்பதானால் வாசிக்கும் அறைக்குத் தள்ளி.

---

#24 குழிமணி

காய் வாங்கும்போது ஒன்று. குன்றிமணியைத் தொடாதீர்கள். சிவப்பும் கறுப்பும் அழகாக இருக்கும், ஆனால் விதைக்குள் கொடிய நஞ்சு. ஓடு உடைந்ததையோ மென்றதையோ விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. முழுச்சிவப்பாகச் சற்றுப் பெரிதாக இருக்கும் மஞ்சாடி வேறு, அதைப் போடலாம். புளியங்கொட்டை எல்லாவற்றிலும் நல்லது. மழைக்காலத்தில் வண்டு துளைக்கும், வெயிலில் ஒரு நாள் காய வைத்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். 70 தேவை என்றால் 90 எடுத்து வையுங்கள், தொலையும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள தம்பி தங்கைகள் கூட வந்தால் எந்தக் காயானாலும் கண் வைக்க ஒரு பெரியவர் வேண்டும், தொண்டையில் சிக்கும் அளவுதான் எல்லாம்.

---

#25 நூலக_மூலை

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: பரமபதம் 1, தாயம் 5x5 2 (முதல் காய் பலகையில், தாயம் அல்லது 5க்கு மற்றவை), பல்லாங்குழி 3 (நடுக்குழியில் 2, மூன்று சுற்று), ஆடு புலி தரையில் 2. கேரம் வராந்தாவில். ஒரு சந்தேகம் மிச்சம்: தாயத்தில் 12 தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் எல்லாம் கழியும் என்கிறார்களே, அதை வைக்கவா?

---

#26 எண்கட்டை

தொடர்ந்து மூன்று 12 விழுவது 4,096இல் ஒன்று. அந்த விதியை எழுதி ஒட்டினால் சுவரில் இடம்தான் வீண். ஏதாவது மறு உருட்டல் எண் மூன்று முறை வந்தால் கழியும் என்று ஆடும் ஊர்களும் உண்டு, அது ஏறக்குறைய 19இல் ஒரு முறை வரும். அந்த விதியைப் பெரியவர்கள் மேசையில் போடுங்கள், சத்தம் வந்தால் தெரிந்துகொள்ளலாம்.

---

#27 யாழ்_சோகி

பிள்ளைகளின்ர மேசைக்கு இரண்டுமே வேண்டாம். கிடைத்ததைப் பறிக்கிற விதியை விளங்கப்படுத்துறதுக்குள்ள அவை வெளியில கிளித்தட்டுக்குக் கோடு கீறத் தொடங்கிடுவினம்.